போனில் இடமில்லை

விமானம் இன்னும் நாற்பது நிமிடம் தாமதம் என்று மூன்றாவது முறையாகச் சொன்னார்கள்.

உட்காரலாம் என்றால் கால் நிற்கவில்லை. நிற்கலாம் என்றால் மனசு நிற்கவில்லை. பத்தாம் நம்பர் வாசலுக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் நடுவே நடந்துகொண்டிருந்தேன். எதிரே இருந்த பெரியவர் என்னைப் பார்த்துப் பார்த்துக் கழுத்து வலித்து, வேறு பக்கம் திரும்பி உட்கார்ந்துவிட்டார்.

நேற்றுக் காலை, கடை திறக்கும் முன்பே அப்பா விழுந்துவிட்டார். வலது கை வரவில்லை. பேச்சு வரவில்லை. கண் மட்டும் திறந்திருக்கிறதாம். கையை அழுத்துங்க, கண்ணைச் சிமிட்டுங்க என்று டாக்டர் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டார். அம்மா கூப்பிட்டும் அசைவில்லை.

முப்பத்தைந்து வருஷமாக முடிவெட்டும் கடை நடத்துகிறவர். கத்தரி நின்றாலும் வாய் நிற்காது.

அந்தப் பேச்சைக் கொஞ்சம் கேட்டால் தேவலை என்றிருந்தது. போனை எடுத்தேன்.

நான் தேசம் தேசமாகப் போய்த் தொழிற்சாலைகளில் மெஷின் பொருத்துகிறவள். கிளம்பிப் பதினோரு மாதம் ஆகிறது. தினமும் கடை சாத்தியதும் அப்பா ஒரு செய்தி அனுப்புவார். சாப்பாட்டு இடைவேளையில் பார்ப்பேன். "ம்" என்று போடுவேன். அதோடு சரி.

மேலே தள்ளினேன்.

இந்தச் செய்தி நீக்கப்பட்டது.

அதன் கீழே என் "ம்".

இந்தச் செய்தி நீக்கப்பட்டது.

"ம்".

தள்ளத் தள்ள அதேதான். அவர் பக்கம் ஒரு வார்த்தை இல்லை. என் பக்கம் வரிசையாக "ம்", "ம்", "ம்". சுவரிடம் கதை சொன்னால்கூட எதிரொலி கொஞ்சம் நீளமாக வரும்.

இந்த வரி முன்பே கண்ணில் பட்டதுதான். விரல் தடுக்கித் தப்பாக எழுதி அழிக்கிறார் போல என்று விட்டுவிட்டேன். மேலே தள்ளிப் பார்க்க மகாராணிக்கு எங்கே நேரம்?

என்னதான் எழுதினார் என்று யோசித்தேன். மீசையை எடுக்கச் சொல்லிவிட்டு, எடுத்த பிறகு அழுத கல்யாண மாப்பிள்ளை. கடை வாசலில் குட்டி போட்ட பூனை. எத்தனை குட்டி? மூன்றா, நாலா? அதுகூட நினைவில்லை. 

ஒன்றே ஒன்று மிஞ்சியிருந்தது. முந்தாநாள் அனுப்பியது.

"தலைக்கு ஊத்தினா நல்லா காயவச்சுட்டுப் படும்மா. உனக்கு நீள முடி. ஈரம் உள்ள நிக்கும்."

அதற்கும் "ம்".

அம்மாவைக் கூப்பிட்டேன். அழுகை வரவேண்டிய இடத்தில் கோபம் வந்தது. அப்பா போனை யார் தொட்டது, யார் எல்லாவற்றையும் அழித்தது என்று கத்தினேன். பெரியவர் மறுபடி இந்தப் பக்கம் திரும்பினார்.

அம்மா குரலைத் தாழ்த்தினாள்.

"யாரு தொடுவா? அவரேதான். உன் போட்டோ கேட்டா, போன்ல இடமே இல்லன்னு நீதானேடி சொன்ன? இங்க அழிச்சா உன் போன்லயும் போயிடும்னு கடைக்கு வந்த யாரோ சொல்லிக் குடுத்துட்டாங்க. அதுலருந்து தினம் காலைல கடையப் பெருக்கறதுக்கு முன்னாடி இதப் பெருக்குவாரு. படிச்சாச்சு, இனி எதுக்குக் குப்பை, இடம் வந்தா புள்ள போட்டோ அனுப்புவான்னு."

என் போனில் இடத்துக்கு என்ன பஞ்சம்? இன்றைக்கும் பாதிகூட நிரம்பவில்லை.

நான் சொன்னது பொய்.

இடுப்பு வரை முடியை வைத்துக்கொண்டு சுழலும் மெஷின் பக்கம் நிற்கக் கூடாது என்று வேலைக்குப் போன முதல் நாளே சொல்லிவிட்டார்கள். தங்கியிருந்த தெருவிலேயே ஒரு கடை. யாரோ ஒருத்தி பத்தே நிமிடத்தில் காது வரைக்கும் வெட்டிவிட்டாள். பிறந்ததிலிருந்து என் தலையில் அப்பாவின் கத்தரியைத் தவிர வேறு இரும்பு பட்டதில்லை. எந்த முகத்தை வைத்துக்கொண்டு அவருக்குப் போட்டோ அனுப்புவேன்? வீடியோவில் கூப்பிட்டால் நெட் இல்லை என்பேன். பொய்க்குப் பொய் முட்டு.

தண்ணீர்க் குழாய்க்கு மேலே கண்ணாடி இருந்தது. ஊருக்கு ஒரு கத்தரி பட்ட தலை. இடது பக்கம் ஏறி, வலது பக்கம் இறங்கி, பார்க்கச் சகிக்கவில்லை. அப்படியே படம் எடுத்து அப்பா நம்பருக்கு அனுப்பினேன். போன் அம்மாவிடம்தான் இருந்தது. அவர் கண்ணுக்கு நேராகப் பிடிக்கச் சொன்னேன்.

விமானம் தயார், வரிசையில் வாருங்கள் என்றார்கள். போய் நின்றேன். படம் திறந்ததற்கு அடையாளமாக இரண்டு நீல டிக் விழுந்தது. பிறகு ஒன்றும் இல்லை. வரிசை நகர்ந்தது. எனக்கு முன்னால் நாலு பேர். மூன்று பேர்.

போன் அடித்தது. அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. சிரிக்கிறாளா அழுகிறாளா தெரியவில்லை.

"பார்த்துட்டாருடி! பார்த்துக்கிட்டே இருந்தாரு. அப்புறம் இடது கைய மெதுவாத் தூக்கி, ரெண்டு விரலை விரிச்சு விரிச்சு மூடறாரு. நிறுத்தவே மாட்டேங்கறாருடி. கேக்குதா?"

என்னென்னவோ சொல்ல வாயைத் திறந்தேன்.

"ம்" என்பதைத் தவிர வேறெதுவும் வரவில்லை.