பாட்டோடு வந்த இரைச்சல்

செண்பகவல்லியின் காரில் பாட்டு போட்டால் கூடவே ஓர் இரைச்சல் வரும். ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க அதுவும் ஏறும். கோவில்பட்டி எலக்ட்ரீஷியன் இஸ்மாயில் எர்த் ஒயரை மாற்றிப் பார்த்தார், நிற்கவில்லை. டேஷ்போர்டுக்கு அடியில் ஒவ்வொரு இணைப்பாகக் கழற்றினார். ஒரு சின்னக் கறுப்புப் பெட்டியைக் கழற்றியதும் இரைச்சல் அடங்கியது.

"வண்டி எங்க போகுதுன்னு போன்ல காட்டுற கருவி இது, அக்கா. நீங்க மாட்டுனதுதானா?"

அவள் மாட்டவில்லை. எங்கே போய்வந்தேன் என்று அவள் சொல்லும் முன்பே, "தையல் கடையில அவ்வளவு நேரமா?" என்று கணவர் கேட்டது நினைவுக்கு வந்தது.

"தூக்கிப் போட்டுரவா?"

"வேண்டாம், திரும்ப மாட்டுங்க. நான் எங்க போறேன்னு அவர் பார்க்கட்டும்."

வீட்டுக்குத் திரும்பும் தெருவை விட்டுவிட்டு மதுரைச் சாலையில் ஏறினாள். சாத்தூர் தாண்டியதும் கைபேசி அடிக்கத் தொடங்கியது. அவள் வண்டியை நிறுத்தவில்லை.