மருந்தடித்த வயல்

வாத்துக் கூட்டம் தப்பான வயலுக்கு வந்துவிட்டது. முன்னால் நடந்த தலைவர் கொண்டையனுக்கு வரப்பிலேயே தெரிந்துபோயிற்று. தண்ணீரில் நண்டுகள் செத்து மிதந்தன. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தவர் எந்த முகத்தோடு திரும்புவார்?

“வயல் எப்படி?” என்று கேட்டுவைத்தார்.

“தலைவர் காட்டினா தப்பாகுமா?” என்றன பின்னால் நின்றவை.

கடைசியில் நின்ற செவலை மட்டும், “இது மருந்தடிச்ச வயலுங்க. இறங்கினா நாமளும் மிதப்போம். நீங்க பார்த்துட்டுத்தானே நிக்கிறீங்க?” என்றாள்.

மற்றவை கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டன.

கொண்டையனுக்கு அப்பாடா என்றிருந்தது. “இதை முன்னமே சொல்றதுக்கென்ன, கழுதை? திரும்புங்க எல்லாரும்,” என்று அதட்டினார்.

ஒற்றை வரப்பு. ஒருவரை ஒருவர் தாண்ட வழியில்லை. நின்ற இடத்திலேயே எல்லாரும் திரும்பினார்கள். ஓர் உயிர் குறையாமல் கூட்டத்தை முன்னே நின்று கூட்டிப்போனவள், செவலை.