பெயர் வெட்டிய டப்பா

எவர்சில்வர் டப்பாவை நீட்டியபடி புரொபசரம்மா நிற்கிறாள்.

எதிர்வீட்டுச் சௌந்தரம் கை நீட்டவில்லை.

எங்கள் வீட்டுக் கதவு தற்செயலாகத் திறந்திருந்தது. கையில் துடைப்பமும் இருந்தது. குப்பைதான் இல்லை.

டப்பா சௌந்தரத்துடையது. போன வாரம் அதில்தான் ரவா லட்டு போனது. பேப்பரில் படம் வந்தால் சும்மா இருக்க முடியுமா? புரொபசரம்மாவுக்கு விருது.

பள்ளிக்கூடங்களில் மதியச் சாப்பாட்டு மணி அடித்ததும் வகுப்பறை ஓரமாகப் போய் உட்கார்ந்துகொள்வாளாம். எந்தப் பிள்ளையின் டப்பாவில் எந்தப் பிள்ளை கைவைக்கிறது, எந்த டப்பா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்கிறது என்று பார்ப்பாளாம். ஆயுசு முழுக்க இதுதான் ஆராய்ச்சி. இதற்கெல்லாம் டாக்டர் பட்டம் தருகிறார்கள். நாங்கள் சம்பளமில்லாமல் பார்க்கிறோம்.

லட்டைக் கொடுத்த கையோடு சௌந்தரம் சொந்த ஊரைக் கேட்டாள்.

பிறகு, ஊரில் எந்தத் தெரு என்றாள்.

"சின்ன வயசுலயே வந்துட்டோம்" என்று இத்தனை வருஷமும் சிரித்தே நழுவியவள், அன்றைக்குச் சொல்லிவிட்டாள். விருது கொடுத்த தைரியமாக இருக்கும். தெரு தெரிந்தால் போதும். மிச்சத்தை நாங்களே தெரிந்துகொள்வோம்.

"ஓ" என்றாள் சௌந்தரம். அவ்வளவுதான்.

பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தரக்கூடாது இல்லையா? இன்று டப்பா நிறைய முறுக்கு. காலையிலிருந்தே மாடி முழுக்க வாசனை.

"அட, இதுக்குப் போயி வந்தீங்களா மேடம்? டப்பாதானே, எங்கிட்ட நெறையக் கெடக்கு. நீங்களே வச்சுக்குங்க."

மூடியில் சௌந்தரத்தின் பெயர் வெட்டியிருக்கும். இதே டப்பா காணாமல்போனபோது மாடி மாடியாக ஏறிச் சண்டை போட்டவள் அவள்.

எதிர்வீட்டுக் கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது. மரியாதையாகத்தான்.

புரொபசரம்மா அழவில்லை. கோபமும் இல்லை. மூடியில் இருந்த பெயரைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவினாள்.

திறந்தாள். ஒரு முறுக்கை உடைத்து வாயில் போட்டு மென்றாள். ருசி தெரிந்த மாதிரி இல்லை.

பிறகு திரும்பி, டப்பாவை என் பக்கம் நீட்டினாள்.

வகுப்பறை ஓரத்தில் உட்கார்ந்து பார்ப்பாளே, அப்படிப் பார்த்தாள்.

வாசனை நன்றாகத்தான் இருந்தது.

நான் துடைப்பத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.