பகலா, மாலையா?

"நாப்பத்திரண்டு பேர்ல ஒருத்தர்கூடவா சேர மாட்டீங்க?"

முன்னாள் மாணவர் சங்கச் செயலாளர் விண்ணப்பக் கட்டை மேஜையில் பொத்தென்று போட்டார். அத்தனையும் வெறும் தாள்.

"படிக்கிற வரைக்கும் காலேஜ் இனிக்கும், முடிச்சதும் கசந்துடுமா? நன்றி கெட்ட ஜென்மங்க!"

எதிரே உட்கார்ந்திருந்த கடைசி வருட வகுப்புத் தலைவிக்குச் சுருக்கென்றது. பகலெல்லாம் மருந்துக்கடையில் பில் போட்டுவிட்டு, ஆறு மணிக்கு அடித்துப்பிடித்து மாலை வகுப்புக்கு ஓடி வருகிறவள். சங்கத்தின் சிபாரிசுக் கடிதம் கிடைத்தால் நல்ல கம்பெனியில் வேலை நிச்சயம். போன வாரம்தான் இவரிடம் கெஞ்சிக் கேட்டிருந்தாள். இருந்தாலும் இன்றைக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"சார், விண்ணப்பத்துல பகலா, மாலையான்னு ஒரு கட்டம் இருக்கே, அது எதுக்கு?"

"சும்மா, ஒரு தகவலுக்குத்தான்."

"சங்க விழாவுல பகல்னா தங்கநிற பேட்ஜ், முன்வரிசை. மாலைன்னா காகிதச் சீட்டு, கடைசி வரிசை. போன வருஷம் எங்க சீனியர் அக்கா தூணுக்குப் பின்னாடி உட்கார்ந்துட்டு அழுதுக்கிட்டே போனாங்க. அதே பாடம், அதே பரீட்சைதானே சார்? அந்தக் கட்டத்தை எடுங்க, நாப்பத்திரண்டு பேரும் இப்பவே கையெழுத்துப் போடுறோம்."

"எடுக்க முடியாதும்மா. போடச் சொன்னதே நான்தான். தராதரம்னு ஒண்ணு வேண்டாமா?"

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அப்ப எங்களுக்கு உங்க சங்கமே வேண்டாம் சார்." எழுந்துவிட்டாள்.

"உட்காரு."

வெளியே யாராவது நிற்கிறார்களா என்று எட்டிப் பார்த்துக்கொண்டார். குரல் இறங்கியது.

"உனக்கு அந்தக் கடிதம் வேணும்ல? மத்தவங்களை விடு. நீ மட்டும் பகல்னு எழுதிக் குடு. சரிபார்க்கிறது நான்தான்."

"ஐயோ, பொய்யா? நாளைக்கு எங்க வகுப்பு ஆளுங்களே பார்த்தா காறித் துப்பமாட்டாங்க?"

"அவங்கதான் உள்ளயே வரமாட்டாங்களே! அப்படியே வந்தாலும் தெரியாத மாதிரி இருந்துடு. முதல்ல கூசும். அப்புறம் பழகிடும்."

அவள் அவரையே பார்த்தாள். "உங்களுக்கு எப்படி சார் தெரியும்?"

கோட்டில் மின்னிய தங்கநிற பேட்ஜைத் தடவிக்கொண்டார்.

"நானும் ஆறு மணிக்கு ஓடி வந்தவன்தான்மா. அந்தக் கட்டத்துல முதன்முதலா பகல்னு எழுதினதே நான்தான்."