பூவாடைப் புடவை

திண்டிவனம் போய்ப் புடவை எடுத்தது பாப்பாத்தி. ரவிக்கை தைக்கக் கொடுத்ததும் பாப்பாத்தி. அருள் வந்து ஆடப்போவதும் அவளேதான்.

"பூவாடைக்காரி பேரைச் சொல்லி அந்தம்மாவே கட்டிக்கும்" என்று தெருவே சிரித்தது.

மறுநாள் இலக்கியாவுக்குக் கல்யாணம். செத்துப்போன சுமங்கலியைப் பூவாடைக்காரியாக அழைத்து, புதுப்புடவை படைத்து, அவள் உத்தரவு வாங்காமல் அந்தப் பக்கம் தாலி ஏறாது. இலக்கியாவின் அம்மா செத்து இருபது வருஷம். அழைத்தால் அவள் வருவது நாத்தனார் பாப்பாத்தி மேல்தான்.

இலக்கியாவின் கவலையெல்லாம் சித்தி மலர்கொடியைப் பற்றி. உப்பளத்தில் கால் வெடிக்க உப்பு சுமந்து அவளை வளர்த்தவள் சித்திதான். தம்பி, அதாவது இலக்கியாவின் அப்பா, மலர்கொடியை இரண்டாம் தாரமாகக் கட்டிய அன்று முகத்தைத் திருப்பிக்கொண்ட பாப்பாத்தி, இன்றுவரை அவளோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. 'அவ மணவறைக்கு வரக்கூடாது' என்று ஆவேசத்தில் சொல்லித் தொலைத்தால்? செத்தவள் வாக்கை யார் மீறுவது?

கிணற்றடியில் பம்பை முழங்கியது. பாப்பாத்தி தலையை விரித்துப் போட்டு ஆடினாள். மலர்கொடி கூட்டத்துக்குப் பின்னால் பதுங்கி நின்றாள்.

"எம் பொண்ணை உப்பு சுமந்து வளர்த்தவ எங்க? முன்னால வரச் சொல்லு."

பம்பை நின்றுவிட்டது.

"நாளைக்கித் தாரை வார்க்க எம் புருஷன் பக்கத்துல அவதான் நிக்கணும். இந்தப் புடவையும் அவளுக்குத்தான்."

மலர்கொடி தேம்பிக்கொண்டே புடவையை வாங்கினாள். இலக்கியா ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொண்டாள். சிரித்த தெருவே கண்ணைத் துடைத்துக்கொண்டது.

மறுநாள் அந்த மாம்பழக் கலர் புடவையில் மலர்கொடி மணவறையில் நின்றபோது, அவளுக்கே பெண் பிறந்து கல்யாணம் நடப்பதுபோல் இருந்தது. இலக்கியாவின் கண் மட்டும் ரவிக்கை மேலேயே இருந்தது. அத்தை உடம்பு என்ன, ஒல்லிக்குச்சி சித்தி உடம்பு என்ன. ரவிக்கை சித்திக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் கச்சிதமாக இருந்தது.

பந்தியில் அத்தையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏன் அத்தை, எங்கம்மாவுக்கு சித்தியோட ரவிக்கை அளவு எப்பிடித் தெரிஞ்சுது?"

பாப்பாத்தி அக்கம்பக்கம் பார்த்தாள்.

"சத்தம் போடாதடி. போன வாரம் கொடியில காஞ்ச அவ ரவிக்கைய நான்தான் எடுத்தேன். இத்தினி வருஷம் பேசாதவ, இப்ப நானா போய் எந்த மூஞ்சிய வச்சிக்கினு பேசறது? அதான் உங்கம்மாவ விட்டுப் பேச வச்சேன்."