குச்சியைப் பிடித்த கை

குகன் ஹெலிகாப்டரோடு கடலில் விழுந்து இறந்து நாற்பத்தொரு நாள் கழித்து, அதே இடத்தில் மாலை போட வேண்டுமென்று அவன் அக்கா மரகதம் ஹெலிகாப்டரில் ஏறினாள். ஓட்டியவன் ஆல்வின். அன்றும் அவன்தான் ஓட்டினான். அவன் மட்டும் பிழைத்தான்.

மாலை கீழே போனதும் ஆல்வின் கன்னத்தில் அவளுடைய முதல் அறை விழுந்தது.

"சொல்லுடா. என் தம்பி எப்படிச் செத்தான்?"

"காத்துக்கா. சத்தியமா காத்துதான்."

"காத்து உன்னை மட்டும் விட்டுட்டுப் போச்சாக்கும்!"

அடுத்த குத்தில் மூக்கு உடைந்து ரத்தம் வழிந்தது. ஆல்வின் தடுக்கவில்லை. வலது கை, தூங்கும் குழந்தையைத் தொடுவதுபோல, ஹெலிகாப்டரைச் செலுத்தும் குச்சியின்மேல் பதமாக இருந்தது. இரண்டே இறக்கை உள்ள வண்டி அது. வண்டியின் உடல் கீழே கனமாகத் தொங்கும்வரைதான் மேலே இறக்கை அடங்கிச் சுழலும். குச்சியைச் சட்டென்று முன்னால் தள்ளினால் ஒரு நொடி எல்லாம் எடையற்று மிதக்கும். அந்த நொடியில் இறக்கை தறிகெட்டு, தன்னைத் தாங்கும் தண்டையே அடித்து முறித்துவிடும்.

மரகதம் அவன் தலைமுடியைப் பிடித்துக் கதவில் மோதினாள். கண்ணாடி விரிசல் விட்டது. அப்போதும் அந்தக் கை அசையவில்லை.

"இதை மட்டும் பத்திரமா பிடிச்சுக்கோ!" என்று கத்தியபடி, இருவருக்கும் நடுவே நின்ற குச்சியை எட்டிப் பிடித்து முன்னால் அழுத்தினாள். அவள் மடியில் உதிர்ந்து கிடந்த பூக்கள் மெல்ல மேலே எழும்பின.

ஆல்வின் குச்சியை மெதுவாகப் பின்னால் இழுத்துக்கொண்டே அலறினான்.

"தள்ளாதீங்கக்கா! மிதக்குறது நல்லா இருக்கு, இன்னொரு தடவைன்னு அன்னைக்குக் குகன் சிரிச்சுக்கிட்டே கேட்டான். நான் தள்ளினேன்."