ரெண்டாம் ஷெட்டுக்குக் குக்கர் இல்லை

இந்த வருஷமும் ரெண்டாம் ஷெட்டுக்குக் குக்கர் கிடையாது என்பது காலை டீ நேரத்திலேயே தெரிந்துவிட்டது. விபத்தே நடக்காத ஷெட்டுக்குக் கம்பெனி கொடுக்கும் பரிசு அது; வேனிலிருந்து இறக்கிய பெட்டிகள் அத்தனையும் நேராக ஒண்ணாம் ஷெட்டுக்குப் போய்விட்டன.

"எல்லாம் நம்ம சூப்பர்வைசர் புண்ணியம்" என்றாள் தங்கப்பொண்ணு, நல்லகாமன் காதில் விழவேண்டும் என்றே. "ஊசி குத்துனாக்கூட விபத்துன்னு எழுதி ஆபீசுக்கு அனுப்பிர்றாரு. ஒண்ணாம் ஷெட்டுல ஜெயபாண்டி அண்ணே இருக்காக. அங்க ஒருத்தருக்கு ஒரு கீறல் உண்டா?"

போன ஆடியில் இதே தங்கப்பொண்ணு உள்ளங்கையைக் கிழித்துக்கொண்டு நின்றாள். விபத்து என்று எழுதி, கம்பெனி வண்டியிலேயே ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, கை ஆறுகிறவரை சம்பளத்தோடு லீவும் வாங்கிக் கொடுத்தவர் நல்லகாமன்தான். அது அவளுக்கு மறந்துவிட்டது. குக்கர் மட்டும் மறக்கவில்லை.

விளாங்குடி தாண்டி இருக்கும் எவர்சில்வர் பாத்திரக் கம்பெனி அது. இரண்டு ஷெட்டிலும் ஒரே வேலைதான். தகட்டை பிரஸ் மிஷினில் வைத்து அழுத்தினால் தட்டாகவோ டிபன் பாக்ஸாகவோ வெளியே வரும். கொஞ்சம் அசந்தால் கையையும் சேர்த்து அழுத்தும். அதற்காக முன்னால் ஒரு கம்பித் தடுப்பு உண்டு. தடுப்பு இருந்தால் வேலை மெதுவாகத்தான் ஓடும்.

நல்லகாமனின் ஷெட்டில் தடுப்பைக் கழற்றியவன் அன்றைக்கே வீட்டுக்குப் போகவேண்டியதுதான். ஒண்ணாம் ஷெட்டில் தடுப்புகள் எல்லாம் மூலையில் துருப்பிடித்துக் கிடந்தன.

மத்தியானம் கேன்டீனில் பாதுகாப்பு விழா. மேனேஜர் மைக்கைப் பிடித்தார்.

"ஒண்ணாம் ஷெட், இந்த வருஷம் விபத்து சைபர்! ரெண்டாம் ஷெட், முப்பத்தொண்ணு! என்ன நல்லகாமன், ஷெட் நடத்துறீங்களா, கசாப்புக் கடை நடத்துறீங்களா?"

கேன்டீனே சிரித்தது. ரெண்டாம் ஷெட்டு ஆட்கள்தான் அதிகமாகச் சிரித்தார்கள்.

"அம்புட்டும் சின்னச் சின்னக் காயம் சார். பெருசாயிரக் கூடாதுன்னுதான் ஒவ்வொண்ணையும் எழுதி..."

"கணக்கு கையில இருக்கு. கதை வேணாம், உட்காருங்க."

ஒவ்வொருவராகக் குக்கர் வாங்கினார்கள். கருப்பு வந்தான். ஒண்ணாம் ஷெட்டில் கைவேகத்துக்குப் பேர்போனவன். வலது கையை பேண்ட் பாக்கெட்டில் விட்டபடியே இடது கையை நீட்டினான்.

"இடது கையிலயா வாங்குறது? ரெண்டு கையாலயும் வாங்குப்பா" என்றார் மேனேஜர்.

கருப்பு திருதிருவென்று ஜெயபாண்டியைப் பார்த்தான். ஜெயபாண்டி பாய்ந்து வந்து குக்கரைத் தானே வாங்கி அவன் இடது கக்கத்தில் செருகினார்.

"கையெல்லாம் கிரீஸ் சார். புதுப் பொருள் பாழாயிரும்."

பாக்கெட்டுக்குள் இருந்த கையில் இரண்டு விரல் இல்லை என்பது இரண்டு ஷெட்டுக்கும் தெரியும். தீபாவளி ஆர்டர் ஓடிய வேகத்தில் மிஷின் எடுத்தது. ஆரப்பாளையத்தில் ஒரு டாக்டரிடம், பைக் செயினில் மாட்டிக்கொண்டது என்று சொல்லிக் கட்டுப்போட்டார்கள். மறுநாள் காலையிலேயே அவனை அழைத்து வந்து, கேன்டீன் ஓரத்தில் உட்காரவைத்து, வேலைக்கு வந்ததாக வருகை போட்டார்கள். வெளியே சொன்னால் ஷெட்டில் எல்லாருடைய குக்கரும் போய்விடும். அதனால் ஷெட்டே சேர்ந்து அவன் வாயை அடைத்தது. மேனேஜருக்கு இது தெரியுமா என்றால், தெரிந்துகொள்ள அவர் ஆசைப்படவில்லை.

நல்லகாமன் எழுந்தார். கருப்பு தலையைத் தலையை ஆட்டி, கண்ணாலேயே கும்பிட்டான். வேலை போய்விடும் என்ற பயம் அந்த முகத்தில் அப்பியிருந்தது. நல்லகாமன் உட்கார்ந்துவிட்டார்.

"கடைசியா ஒரு விஷயம்" என்றார் மேனேஜர். "ஒண்ணாந்தேதியில இருந்து ரெண்டு ஷெட்டும் ஜெயபாண்டி பொறுப்பு. நல்லகாமன் குடோனுக்குப் போறார். அங்க மிஷினே கிடையாது. எழுதுறதுக்கும் ஒண்ணும் இருக்காது."

தங்கப்பொண்ணு கை வலிக்கத் தட்டினாள். தழும்பு இருந்த அதே கைதான்.

சாயங்காலம் நல்லகாமன் வண்டியைக் கிளப்பும்போது ஜெயபாண்டி ஓட்டமும் நடையுமாக வந்தார். பரிசாகக் கிடைத்த கேடயம் கக்கத்தில் இருந்தது. பீற்றிக்கொள்ளத்தான் வருகிறான் என்று நினைத்தார் நல்லகாமன்.

"அண்ணே, கோவமா இருக்கீகளா?"

"எனக்கென்னப்பா கோவம்? ரெண்டு ஷெட்டும் உன் கைக்கு வந்திருச்சு. நல்லா இரு."

"அது கிடக்குண்ணே." ஜெயபாண்டி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "நம்ம பய அருள்பாண்டி ஐடிஐ முடிச்சிட்டான்ல. ஒண்ணாந்தேதி இங்கதான் சேர்றான். மேனேஜரு பிரஸ் மிஷின்ல போடுறேங்கிறாரு."

"நல்ல சம்பளமாச்சே! மகன் உன் கண்ணு முன்னாலயே இருப்பான். வேற என்ன வேணும்?"

ஜெயபாண்டி கேடயத்தை இந்தக் கக்கத்திலிருந்து அந்தக் கக்கத்துக்கு மாற்றிக்கொண்டார்.

"கல்யாணம் பண்ண வேண்டிய பயண்ணே. சம்பளம் கம்மின்னாலும் பரவால்ல, குடோனுக்கு ஆள் வேணும்னு கேட்டு அவனை உங்ககிட்ட வாங்கிக்கங்க. நான் சொன்னேன்னு மட்டும் மேனேஜர்கிட்ட சொல்லிராதீக."